வால் அழுகலுக்குச் சேலம் மீன் கடைகளில் தரும் மருந்துகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சேலத்தில் எந்த மீன் கடையில் போய் "மீனுக்கு வால் கரையுதுங்க" என்று சொன்னாலும் முதலில் கைக்கு வருவது நீல மருந்து. அடுத்து மஞ்சள் மருந்து. கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் வெளிநாட்டு பிராண்டு பாட்டில் ஒன்றும், ஆன்டிபயாடிக் பொடி ஒன்றும் அலமாரியிலிருந்து இறங்கும். நான்கையும் வாங்கி ஒரே நாளில் தொட்டியில் ஊற்றி, மூன்றாம் நாள் மீனை இழந்தவர்கள் நிறைய. இவற்றில் எது எதற்கு, சேலம் தண்ணீரில் எது எடுபடும், எது வீண் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதலில் காசு போட வேண்டியது, மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சான அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட்டுக்கு. அடுத்தது கல் உப்பு. நீல பாட்டிலுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

மருந்துக்கு முன்னால் வாலைப் பார்க்க வேண்டும். வலை போட்டுப் பிடிக்காதீர்கள், இருக்கிற கிழிசலும் பெரிதாகும். கப்பில் தண்ணீரோடு மொண்டு கண்ணாடி டம்ளருக்கு மாற்றி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வால் என்பது குடை மாதிரி. கம்பி போல் முட்கள், முட்களுக்கு நடுவே துணி போல் மெல்லிய சவ்வு. முள்ளின் போக்கிலேயே நேராகப் பிளந்து, இரண்டு ஓரமும் பளிங்காக இருந்தால் அது வெறும் கிழிசல். பிளாஸ்டிக் செடியோ, கூழாங்கல் விளிம்போ, வால் கடிக்கும் டைகர் பார்ப் மீனின் வாயோ காரணம். ஒரே ராத்திரியில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், அதுவும் தனியாக இருக்கும் நீள வால் ஃபைட்டர் மீனில் என்றால், அது தன் வாலைத் தானே கடித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து தேவையில்லை. சுத்தமான தண்ணீரில் தானே கூடிவிடும்.

அழுகல் வேறு மாதிரி இருக்கும். ஓரம் சீராக இராது, எலி கொறித்த துணி போல் இருக்கும். ஓரத்தில் வெள்ளையாக அல்லது பால் நிறமாக ஒரு கோடு ஓடும். சவ்வு கரைந்து முட்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். முள்ளின் அடியில் மெல்லிய சிவப்பு ரத்தக்கோடு தெரிந்தால் உள்ளே போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் காரணம். இவை எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. மீன் தெம்பாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அம்மோனியாவிலோ நெரிசலிலோ மீன் வாடியதும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதுதான் பயப்பட வேண்டியது. வால் அடியிலோ முதுகிலோ சேணம் போட்ட மாதிரி வெளிர் பட்டை, வாயோரம் பஞ்சு போல் வெள்ளை. கடையில் இதைப் பூஞ்சை என்பார்கள். பெரும்பாலும் இது பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். வெப்பமான தண்ணீரில் 24 முதல் 48 மணி நேரத்தில் மீனை முடித்துவிடும். இதற்குத் தண்ணீரைச் சூடாக்குவது நோய்க்குத் தீனி போடுவது மாதிரி. வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஹீட்டரை ஏற்றிப் பழகியவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்.

ஒரு சின்ன ஆறுதல்: கோல்டு ஃபிஷ்ஷில் வால் ஓரம் கறுத்திருந்தால் பல நேரம் அது அம்மோனியாச் சூடு பட்ட இடம் ஆறுவதன் அடையாளம். கறுப்பு பரவாமல், ஓரம் கரையாமல் இருந்தால் மருந்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் கவனியுங்கள்.

இனி டெஸ்ட் கிட். ஏபிஐ நிறுவனத்தின் சொட்டு அம்மோனியா கிட்டில் 5 மில்லி தண்ணீருக்கு முதல் பாட்டிலில் 8 சொட்டு, இரண்டாம் பாட்டிலில் 8 சொட்டு, ஐந்து நிமிடக் காத்திருப்பு, அவ்வளவுதான். மஞ்சளாக நின்றால் பூஜ்ஜியம். பச்சை ஏற ஏற ஆபத்து. காகிதப் பட்டைகள் மலிவு என்று வாங்கினால், அவற்றில் பலவற்றில் அம்மோனியா கட்டமே இருக்காது. அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: நீல மருந்து ஊற்றிய தண்ணீரில் இந்தச் சோதனை எடுபடாது, நிறம் ஏமாற்றும். ஊற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

சேலத்தில் இந்தக் கிட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் தண்ணீர் அப்படி. வெள்ளக்கல்பட்டி, கருப்பூர் பக்கம் மேக்னசைட் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கரடு இருக்கும் ஊர் இது. போர் தண்ணீரில் மெக்னீசியமும் கால்சியமும் மண்டிக் கிடக்கும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெரும்பாலும் 7.5-க்கு மேலேயே நிற்கும். தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிஎச்சும் வெப்பமும். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே வெப்பத்தில் பிஎச் 8 என்றால் ஆறு சதவீதத்துக்கு மேல். கிட்டில் ஒரே பச்சை காட்டினாலும் போர் தண்ணீர்த் தொட்டியில் பாதிப்பு கிட்டத்தட்டப் பத்து மடங்கு. சேலத்துச் சித்திரை வெயிலில் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும்போது இது இன்னும் ஏறும். போதாததற்கு ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3-தான் தாங்கும். மருந்து போடும் காலத்தில் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும் என்பது இதனால்தான்.

மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் போர் தண்ணீரைவிட மீனுக்கு இதமானது, ஆனால் குளோரின் உண்டு. வால் அழுகலுக்குப் பின்னால் இந்தக் குளோரின் ஒளிந்திருக்கும் வழி ஒன்று இருக்கிறது. தொட்டி கழுவும் நாளில் ஸ்பான்ஞ் ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று அலசுவார்கள். அம்மோனியாவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியா அத்தனையும் அதோடு போய்விடும். தொட்டி அழகாக இருக்கும். ஐந்தாறு நாளில் அம்மோனியா ஏறும். பத்தாம் நாள் வால் கரையும். "தொட்டி சுத்தமா இருக்கே, எப்படி வந்துச்சு?" என்று கடையில் கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். ஸ்பான்ஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

குளோரினுக்குக் கடையில் தரும் படிகம் சோடியம் தயோசல்பேட். 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும், கலக்கிய உடனே வேலை முடிந்துவிடும். மலிவானது, நம்பகமானது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அம்மோனியாவை இது தொடாது. கேன் தண்ணீரை மட்டும் நம்பித் தொட்டி நிரப்பாதீர்கள். ஆர்ஓ தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் இல்லாததால் சில நாளில் பிஎச் சரிந்து, ஃபில்டர் பாக்டீரியாவும் சுணங்கிவிடும். போர் தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி கலந்து கொள்ளலாம்.

அடுத்தது கல் உப்பு. இதைக் கடையில் "அக்வேரியம் சால்ட்" என்று டப்பாவில் வாங்க வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் அள்ளித் தரும் கல் உப்பே போதும். கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அடியில் தங்கும் மண்ணை விட்டுவிடுங்கள். அயோடின் கலந்த உப்பு மீனைக் கொன்றுவிடும் என்ற பயம் மிகை. அந்த அளவு அயோடின் ஒன்றும் செய்யாது.

உப்பு இங்கே செய்யும் வேலை பாக்டீரியாவைக் கொல்வது மட்டும் என்று நினைத்தால் அளவு தவறும். நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், வெளித் தண்ணீரில் குறைவு. தோலும் துடுப்பும் புண்ணானால் அந்த வழியே உப்பு கசிந்து வெளியேற, தண்ணீர் உள்ளே புகும். அதை ஈடுகட்டவே மீனின் தெம்பு முழுதும் செலவாகிவிடும். வெளித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் அந்தப் பாரம் குறைகிறது, வால் வளர்க்கத் தெம்பு மிஞ்சுகிறது. அம்மோனியா மாறி வரும் இன்னொரு நச்சான நைட்ரைட் ஏறிய தொட்டியில் உப்பிலுள்ள குளோரைடு அது செவுள் வழியே ரத்தத்தில் சேராமல் தடுக்கும். காலம்னாரிஸ் வகையும் உப்பில் ஒட்டிப் பரவச் சிரமப்படும்.

"எங்க வீட்டுத் தண்ணியே உப்புத் தண்ணிதானே, இன்னும் எதுக்கு உப்பு?" என்ற கேள்வி சேலத்தில் நியாயமானது. போர் தண்ணீரை நாம் உப்புத் தண்ணி என்றாலும் அதில் கனமாக இருப்பது கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியம். இங்கே தேவைப்படுவது சோடியம் குளோரைடு. ஆகவே போர் தண்ணீரிலும் போட வேண்டும்.

கரண்டிக் கணக்கு வேண்டாம். கல் உப்பின் பருமன் கடைக்குக் கடை மாறும், ஒரே கரண்டியில் எடையும் மாறும். தராசில் 100 கிராம் உப்பு நிறுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். இனி 100 மில்லி என்றால் 10 கிராம், கணக்கு முடிந்தது. நோயுற்ற மீனைத் தனியே வைக்கும் டப்பில் 15 லிட்டர் தண்ணீர் இருந்து, லிட்டருக்கு 1 கிராம் வேண்டும் என்றால் 150 மில்லி. கோல்டு ஃபிஷ், மோலி, கப்பிக்கு 12 மணி நேர இடைவெளியில் மூன்று முறை 150 மில்லி ஊற்றி லிட்டருக்கு 3 கிராம் வரை போகலாம். ஃபைட்டருக்கு 1 முதல் 2 கிராம், அதிகபட்சம் பத்து நாள். கோரிடோராஸ், லோச் போன்ற செதில் இல்லாத, அடிமட்ட மீன்களுக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம். செடி வைத்த தொட்டியில் உப்பே கூடாது, செடிகள் அழுகும்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த நாள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்துக்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு சேர்க்கக் கூடாது. வெளியே எடுத்துக் கொட்டிய தண்ணீருக்கு மட்டும்தான் கணக்கு. 15 லிட்டரில் 7 லிட்டர் மாற்றினால், 3 கிராம் அளவில் 21 கிராம், அதாவது 210 மில்லி. இதை விட்டுத் தினமும் ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டே வந்தால் ஒரு வாரத்தில் மீன் சாய்ந்துவிடும். பழியை நோயின் மேல் போடுவார்கள்.

பாதாம் இலை. கடைகளில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். வாங்க வேண்டியதில்லை, நம் தெருக்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலைதான் அது. தானாக உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த இலை வேண்டும். பச்சை இலையும் பூச்சி மருந்து அடித்த மரத்து இலையும் கூடாது. தேய்த்துக் கழுவி, 20 லிட்டருக்கு ஒரு நடுத்தர இலை. டானின் இறங்கித் தண்ணீர் டீ நிறமாகும், லேசான பாக்டீரியா எதிர்ப்பு உண்டு. தன் வாலைக் கடிக்கும் ஃபைட்டர் அந்த மங்கல் வெளிச்சத்தில் கொஞ்சம் அமைதியாகும், அதுதான் இதன் பெரிய பயன். பிஎச்சை இறக்கும் என்று நம்பிப் போட்டால், சேலம் போர் தண்ணீரில் ஒரு இலை அசைக்கக்கூட முடியாது.

நீல மருந்துக்கு வரலாம். மெத்திலீன் ப்ளூ நல்ல மருந்துதான், ஆனால் அது பூஞ்சைக்கும் மீன் முட்டைக்கும். துடுப்புக்குள் இறங்கிய பாக்டீரியாவுக்கு அதன் பலம் போதாது. ஓர அழுகலின் தொடக்கத்தில், புண் மேல் பூஞ்சை ஏறாமல் காக்க உதவும். ஒரு சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு 15 லிட்டர் டப்பில் 3 மில்லி. சிக்கல் என்னவென்றால், கவுண்டரில் கிடைக்கும் சின்ன பாட்டில்கள் பலவற்றில் எத்தனை சதவீதம் என்றே போட்டிருக்காது, "10 லிட்டருக்கு 5 சொட்டு" என்று மட்டும் இருக்கும். செறிவு போடாத பாட்டிலை வாங்காதீர்கள். இதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவும் சாகும், கண்ணாடி மூலையில் உள்ள சிலிக்கான் பசை நிரந்தரமாக நீலமாகும். தனி டப்பில் மட்டும்.

மஞ்சள் மருந்து என்று தருவதில் பெரும்பாலும் இருப்பது அக்ரிஃப்ளேவின். வெளிப்புண்ணுக்கு நீலத்தைவிட ஒரு படி மேல். நீலத்துக்குப் பதிலாக எடுக்கலாம். பச்சை மருந்தான மாலகைட் க்ரீன் வெள்ளைப் புள்ளிக்கும் பூஞ்சைக்கும் உரியது, வால் அழுகலுக்கு அதன் நச்சைச் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் படாமல் பார்க்க வேண்டிய பொருளும்கூட. ஏபிஐ மெலாஃபிக்ஸ் டீ ட்ரீ வகை எண்ணெய்ச் சாறு. கிழிசல் ஆறும்போது மெல்லிய துணை, அவ்வளவே. அதன் விலைக்கு ஒரு டெஸ்ட் கிட் வாங்குவது மேல். காற்றை மேலே வந்து குடிக்கும் ஃபைட்டர், கௌராமிக்கு எண்ணெய் மருந்து உகந்ததல்ல.

ஆன்டிபயாடிக் எப்போது? சுத்தமான உப்புத் தண்ணீரில் மூன்று நாள் வைத்தும் ஓரம் உள்நோக்கிக் கரைந்தால். சிவப்பு வால் அடிவரை போனால். காலம்னாரிஸ் அறிகுறி தெரிந்தால். அதற்கு முன் வேண்டாம்.

இங்கேதான் சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். மலிவாகக் கிடைப்பது ஆக்சிடெட்ராசைக்ளின். டெட்ராசைக்ளின் குடும்பம் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் பிணைந்து செயலிழந்துவிடும். மேக்னசைட் பூமியின் போர் தண்ணீரில் இதைக் கலப்பது பணத்தைக் கரைப்பதற்குச் சமம். தண்ணீர் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நுரை கட்டும். மீன் அப்படியே இருக்கும். "டோஸ் பத்தலை" என்று இரட்டிப்பாக்குவார்கள், ஃபில்டர் போகும். நாமக்கல் பக்கம் என்பதால் கோழிப் பண்ணைக்கான பொடிகளும் கைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் மருந்து ஒரு பங்கு, மீதி சர்க்கரையும் மாவும். அந்தச் சர்க்கரை டப்பில் பாக்டீரியாவுக்கே தீனியாகி, மறுநாள் தண்ணீர் பால் போல் கலங்கும்.

தண்ணீரில் கலக்க ஒன்று வேண்டும் என்றால் சீகெம் கனாப்ளெக்ஸ். உள்ளே இருப்பது கனாமைசின், டெட்ராசைக்ளின் குடும்பம் அல்ல. உடன் வரும் அளவுக் கரண்டியில் 20 லிட்டருக்கு ஒன்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் மூன்று வேளை. விலை கூடுதல், ஆனால் 15 லிட்டர் டப்புக்குச் செலவாவது சிறிது. கார்பன் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே குடித்துவிடும். மனிதர்களுக்கான கேப்சூலைப் பிரித்துக் கொட்டும் பழக்கம் வேண்டாம். அவை மருத்துவர் சீட்டில் தர வேண்டிய மருந்துகள். அரைகுறையாகப் போட்டு நிறுத்தினால் அடுத்த முறை எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாதான் மிஞ்சும்.

டப் அமைப்பது எளிது. உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், புதிது, சோப்பு படாதது. 15 லிட்டர் தண்ணீர், பாதி தொட்டியிலிருந்து, பாதி புதிது. ஏர் பம்ப், ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர், ஒளிய ஒரு பிளாஸ்டிக் கப். வெள்ளை டப் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம், காலையில் அடியில் உதிர்ந்து கிடக்கும் வால் துணுக்குகள் தெரியும். நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா என்பதே முதல் அறிகுறி. ஃபில்டர் பழகாத டப்பில் தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். தீனி வழக்கத்தில் பாதி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. எஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தினமும் ஒரே கோணத்தில் ஒரு போட்டோ. அதற்குள் பெரிய தொட்டியில் அம்மோனியாவை இறக்குங்கள், பிளாஸ்டிக் செடிகளின் மேல் நைலான் துப்பட்டா ஓரத்தை இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் வாலும் மாட்டும்.

ஏற்காட்டில் மீன் வளர்ப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி இரவில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும், அந்தக் குளிரில் ஃபைட்டரின் வால் வளராது, நோயும் தீராது. 15 லிட்டர் டப்புக்கு 50 வாட் ஹீட்டரும் மூடியும் வேண்டும், 26 டிகிரியில் நிலையாக. மேலே உள்ள கிணறு, ஊற்றுத் தண்ணீர் கீழ்ப் போர் தண்ணீர் அளவு கடினமாக இராது. அங்கே பாதாம் இலை உண்மையாகவே பிஎச்சை இறக்கும், அரை இலையில் தொடங்குங்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து (மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் அல்ல) சேலம் கடைகளுக்கு வந்த மீனை, அதே நாளில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோகாதீர்கள். பயணத்தில் நொந்த மீனுக்கு இரண்டாவது பயணமும் குளிரும் சேரும்போதுதான் வால் மடங்கி, பிறகு கரையத் தொடங்கும். கடையிலேயே ஒரு வாரம் விட்டு, தெர்மாகோல் பெட்டியில் எடுத்துப் போங்கள்.

ஆறத் தொடங்கிய வால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் மருந்தை நீட்டிப்பவர்கள் அதிகம். நான்கைந்து நாளில் கொறித்த ஓரம் வழவழப்பாகும். பிறகு அதற்கு அப்பால், கண்ணாடித் தாள் ஒட்டியது போல் நிறமே இல்லாத மெல்லிய விளிம்பு வரும். டார்ச் அடித்தால்தான் தெரியும். அதைப் புதிய அழுகல் என்று பயந்து மறுபடி நீலம் ஊற்றாதீர்கள். அதுதான் புது வால். நிறம் பின்னால் வரும், சில நேரம் பழைய நிறத்துக்குச் சற்று வேறாக. வாலின் அடிப்பகுதி சேதமாகாத வரை முழுதும் வளரும், நீள வால் ஃபைட்டருக்கு ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். பளிங்கு விளிம்பு எல்லா முள் இடுக்கிலும் தெரிந்த பிறகு உப்பில்லாத தண்ணீரால் தினம் மூன்றில் ஒரு பங்கு வீதம் நான்கு நாள் மாற்றி, ஐந்தாம் நாள், பெரிய தொட்டித் தண்ணீரின் அம்மோனியா சோதனை மஞ்சளாக நின்றால் மட்டும், மீனைக் கப்பில் மொண்டு திரும்ப விடுங்கள்.